வெந்நீருக்கு நேரம் குறிப்பவர்

பிறர் பணத்துக்கு வழி சொல்கிறவர்கள் உண்டு, பிறர் உடம்புக்கு மருந்து சொல்கிறவர்கள் உண்டு, பிறர் பிள்ளைக்கு வரன் பார்த்தே வாழ்நாளைக் கழிக்கிறவர்கள் உண்டு. இவர்களையெல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள், பொறுத்தும் போயிருப்பீர்கள். இன்று நான் அறிமுகம் செய்யப்போகிற ஆசாமி வேறு ரகம். இவர் பிறருடைய நேரத்தைத் திருத்துகிறவர். நேரமாற்று வல்லுநர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் உட்கார இடமில்லையா? "ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்பியிருந்தா ஜன்னல் சீட்டே கிடைச்சிருக்குமே" என்பார். பல்வலியா? போன மாதமே காட்டியிருக்க வேண்டும். கடை மூடிவிட்டதா? அது திறந்திருந்த நேரத்தை உங்களுக்கு எடுத்துச் சொல்வார். வலி, பசி, குளிர், கூட்டம், எதைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாலும் அதில் அவருக்குத் தெரிகிற ஒரே குறை, அது நேரம் தவறி வந்துவிட்டது என்பதுதான். நேரத்தோடு வந்திருந்தால் அது கஷ்டமாகவே இருந்திருக்காது என்று மனதார நம்புகிறவர். நம்புகிறவரோடு வாதாட முடியுமா?

இந்த ரகத்தில் சாதாரணமானவர் வாயால் சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விடுவார். ஆபத்தில்லை. முற்றிய ரகம் ஒன்று இருக்கிறது. அதன் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும், கையில் வரைபடம் இருக்கும், முதுகுக்குப் பின்னால் ஒரு திட்டம் நிற்கும். சட்டைக் கை சரியாக இரண்டு மடிப்பு மடிக்கப்பட்டிருக்கும். ஏழை வீட்டுக்குள் நுழைந்ததும் இருக்கிற ஒரே நாற்காலியை மறுத்துவிட்டுத் தரையில் உட்காரும். கூட வந்தவர் படம் எடுத்து முடித்ததும் கால் மரத்துவிட்டதென்று எழுந்து நாற்காலிக்கு மாறும். "நான் பேச வரலைம்மா, உங்ககிட்ட கேட்டுக்கத்தான் வந்திருக்கேன்" என்று ஆரம்பித்து நாற்பது நிமிடம் மூச்சுவிடாமல் பேசும். வீட்டுக்காரி வாய் திறந்தால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு "ரொம்ப முக்கியமான விஷயம் சொன்னீங்க" என்று சொல்லும். என்ன சொன்னாள் என்று திருப்பிக் கேட்டுவிடாதீர்கள். பாவம், சங்கடப்படும்.

அப்படி ஒருவர் எங்கள் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தார். நாற்பத்தெட்டு வீடுகள், நான்கு மாடி, வீடு ஒன்றுக்கு ஓர் அறை, ஒரு சமையல் மூலை, கைகளை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுகிற குளியலறை. குளிர்காலத்தில் எங்கள் குழாய்த் தண்ணீரில் பல் துலக்கினால் பல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்கு வெந்நீர் கொடுப்பதுதான் திட்டம். திட்டத்தின் முழுப்பெயரைச் சொன்னால் இந்தப் பக்கம் தீர்ந்துவிடும். சுருக்கம் இதுதான்: குளியலறைக்கு வெளியே ஒரு தொட்டி, ஊருக்கு மின்சாரம் பங்கிடும் மின்தொகுப்போடு பேசிக்கொள்ளும். மதியம் வெயிலிலிருந்து மின்சாரம் மிதமிஞ்சிக் கிடைக்கும்போது "இப்போ காய்ச்சிக்கோ" என்று அங்கிருந்து செய்தி வரும், தொட்டி காய்ச்சிக்கொள்ளும். ஊரே விளக்கையும் மோட்டாரையும் போடும்போது "கொஞ்சம் சும்மா இரு" என்று செய்தி வரும், சும்மா இருக்கும். மதியம் காய்ந்த தண்ணீர் தொட்டியிலேயே ஆறாமல் மறுநாள் காலை வரை இருக்கும்.

நல்ல யோசனைதான். நான் மனதாரச் சொல்கிறேன். தொட்டி மேல் எனக்குக் கோபமே கிடையாது. அது சொன்ன பேச்சைக் கேட்கிறது, வேண்டாதபோது வாயை மூடிக்கொள்கிறது, மனிதர்களில் அப்படி எத்தனை பேரைப் பார்க்க முடிகிறது? கெடுத்தது தொட்டியல்ல. அதற்கு அளவெடுத்தவர்.

அளவெடுத்த கதையை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் எனக்கும் பங்கு உண்டு. மக்களைக் கேட்காமல் எதையும் செய்வதில்லை என்பது வல்லுநரின் கொள்கை. ஆகவே ஒரு வேலைநாளில், காலை பதினோரு மணிக்கு, மக்களைக் கேட்க வந்தார். பதினோரு மணிக்கு எங்கள் கட்டடத்தில் மக்கள் யார் இருப்பார்கள்? நாற்பத்தெட்டு வீட்டில் நாற்பத்தைந்து பூட்டியிருந்தன. மிச்சம் மூன்று பேர். அச்சகத்தில் ராத்திரி முறை பிழை திருத்திவிட்டு வந்து அப்போதுதான் கண் விழித்த நான் ஒருவன். கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற காவலாளி ஒருவர். வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிற தையல்காரம்மா மூன்றாமவர்.

"நீங்க எத்தனை மணிக்குக் குளிப்பீங்க சார்?" என்று என்னைக் கேட்டார்.

"இதோ, இப்பத்தான்" என்றேன். துண்டு தோளில் கிடந்தது.

"எத்தனை வாளி?"

"ஒரு வாளி."

காவலாளி, வெயில் ஏறினால்தான் உடம்பில் தண்ணீர் படவிடுவேன், அதுவும் அரை வாளி போதும் என்றார். தையல்காரம்மா, தைக்க வந்த துணியெல்லாம் வெட்டி முடித்துப் பன்னிரண்டு மணிக்கு, ஒரு வாளி என்றார். மூவரும் சத்தியமாக உண்மையைத்தான் சொன்னோம். அந்த உண்மைதான் நாற்பத்தெட்டு வீட்டையும் கவிழ்த்தது. இப்பகுதி மக்கள் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் குளிக்கிறார்கள், வீட்டுக்கு ஒரு வாளிகூட ஆவதில்லை என்று அறிக்கை எழுதப்பட்டது. வீட்டுக்கு ஒரு தொட்டி என்று வந்த திட்டம் நான்கு வீட்டுக்கு ஒரு சின்னத் தொட்டியாகச் சுருங்கியது. மிச்சப்படுத்தியதற்காக வல்லுநரை மேலிடத்தில் பாராட்டினார்களாம்.

தொட்டி வேண்டுமென்றால் பழையதை ஒப்படைக்க வேண்டும், மறுபடி வாங்கவும் கூடாது என்று ஒரு விதி. வாளியில் போட்டுத் தண்ணீர் காய்ச்சுகிற ஹீட்டர் ராடு எங்கள் வீடுகளில் இருந்தது. ஆபத்தான சாமான்தான், நானே இரண்டு தடவை ஷாக் வாங்கியிருக்கிறேன். நாற்பத்தெட்டு ராடுகளையும் வாங்கி முற்றத்தில் குவித்து, அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று படம் எடுத்துக்கொண்டார். யானை வேட்டைக்குப் போய் வந்தவர் தோற்றுப்போவார். பிறகு திறப்பு விழா. ஒரு பெரிய மனிதர் குழாயைத் திருகினார், தண்ணீரில் விரலை வைத்தார், "ஆஹா" என்றார். மணி பன்னிரண்டரை. அந்த நேரத்தில் வெந்நீருக்கு என்ன குறைச்சல்?

குறைச்சல் சாயங்காலம்தான் தெரிந்தது. வேலைக்குப் போனவர்களெல்லாம் திரும்பி வந்து, ஆளுக்கு ஒரு வாளி பிடித்ததில் ஏழு மணிக்குத் தொட்டி காலி. மறுபடி காய்வது மறுநாள் பதினொன்றுக்கு. விடியற்காலையில் குழாயைத் திறந்தால் பழைய பல்விறைப்புத் தண்ணீர். முன்பாவது ராடு இருந்தது.

எங்களில் பெரும்பாலோர் முணுமுணுத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரில் குளித்தோம். முணுமுணுத்துத் தீர்க்க முடியாத ஒருத்தி இரண்டாவது மாடியில் இருந்தாள். பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறவள். டிப்போ அக்கா என்றுதான் கட்டடம் முழுக்கக் கூப்பிடும். அவள் புருஷன் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது, ஒன்றரை வருஷமாகப் படுக்கை. முதுகுக்குக் கீழே ஒரு புண் துளிர்விட்டிருந்தது. தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், அசட்டையாக இருந்தால் புண் எலும்பைத் தொட்டுவிடும் என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்கா நாலேகாலுக்கு டிப்போவுக்குக் கிளம்பியாக வேண்டும். வீட்டில் ஒற்றை அடுப்பு, அதில் புருஷனுடைய பகல் சாப்பாடு வெந்துகொண்டிருக்கும். அது வேகிற நேரத்தில் ராடு வாளியில் காய்ந்துகொண்டிருக்கும். இப்படித்தான் ஒன்றரை வருஷம் அந்தப் புண்ணை வளரவிடாமல் பிடித்து வைத்திருந்தாள்.

தொட்டியோடு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அவசரப் பொத்தான் கொடுத்திருந்தார்கள். அதை அமுக்கினால் எந்த நேரமானாலும் அரை மணியில் தண்ணீர் காயும். மாதம் மூன்று முறைக்கு மேல் அமுக்கக்கூடாது. டிப்போ அக்கா தினமும் அமுக்கினாள். பன்னிரண்டாம் நாள் வல்லுநர் படியேறி வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அக்கா வீட்டில் இருந்தாள். என்னையும் தையல்காரம்மாவையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தாள்.

"அக்கா, பதினோரு நாள்ல பதினோரு தடவை அமுக்கியிருக்கீங்க. அவசரம்னு போட்டிருக்கு, பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். பதினோரு நாளும் விடிஞ்சுதே, நான் என்ன பண்ண?"

வல்லுநர் சிரித்தார். ஏழைகள் நகைச்சுவையாகப் பேசினால் அவருக்குப் பிடிக்கும், அறிக்கையில் சேர்த்துக்கொள்வார். "அதுக்கில்லக்கா. இவரை மதியம் துடைச்சு விடலாமே? நல்லா கொதிக்கக் கொதிக்கத் தண்ணி இருக்கும்."

"மதியம் நான் பஸ்ஸைத் துடைச்சிட்டிருப்பேன் சார்."

"வேற யாராவது?"

"வேற யாரு?"

வல்லுநர் கையிலிருந்த பலகைக் கணினியில் எதையோ தட்டினார். எட்டிப் பார்த்தேன். சமூக ஆதரவு தேவை என்று இருந்தது. அந்த ஆதரவு எங்கே கிடைக்கும் என்று கேட்க ஒரு கட்டம் இல்லை போலிருக்கிறது.

"சார், ஒண்ணு கேக்கறேன்" என்றாள் அக்கா. "நான் அமுக்குறது மூணு மணிக்கு. அந்த நேரத்துல ஊரே தூங்குது. கரண்டு வேணும்னு யாரு கேக்கப் போறாங்க? என் ஒருத்தி வாளிக்குக் குடுத்தா குறைஞ்சா போயிடும்?"

இந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கே நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. அவ்வளவு நியாயம். அந்த மனிதருக்கும் ஒரு கணம் முகம் மாறியது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு வரைபடத்தைப் பார்த்தார். அதில் காலை, மதியம், மாலை என்று மூன்றே கட்டம். ராத்திரிக்குக் கட்டமே கிடையாது, ஏனென்றால் பதினோரு மணிக்குக் கேட்கப்பட்ட மூன்று பேரும் ராத்திரியைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆகவே மூன்று மணி காலைக் கட்டத்தில் விழுந்தது. காலை என்றால் சிவப்பு.

"காலைன்னா உச்ச நேரம்க்கா. எல்லாரும் கரண்டு கேக்கிற நேரம்."

"மூணு மணி காலையா சார்?"

"படிவத்துல அப்படித்தான் இருக்கு."

உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பெயிண்டர் திரும்பாமலே குரல் கொடுத்தார். "சார், நீங்க கவலைப்படாதீங்க. புண்ணுகிட்ட நான் சொல்லிப் பாக்கறேன். மதியத்துக்கு மேல வந்துட்டுப் போன்னு."

தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். வல்லுநர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "ரொம்ப முக்கியமான விஷயம் சொன்னீங்க" என்றார்.

மறுநாள் மூன்று மணிக்கு அக்கா பொத்தானை அமுக்கினாள். வேலை செய்யவில்லை. அவளுடைய நன்மைக்காகவே ஆறு வாரம் அதை அலுவலகத்திலிருந்தபடியே நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். பழக்கம் மாறுவதற்கான பயிற்சிக் காலம் என்று கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. கீழே ஒரு சிரித்த முகம் வேறு போட்டிருந்தார்கள். தண்டனை என்று எழுதியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

அக்கா என்ன செய்வாள்? சாவியைத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் தினமும் மதியம் மெஷினை விட்டு எழுந்துபோய் அக்கா வீட்டுக் குழாயில் இரண்டு குடம் வெந்நீர் பிடித்து, வாயைத் துணியால் இறுகக் கட்டி, வீட்டில் இருந்த இரண்டு கம்பளியையும் சுற்றி மூலையில் வைத்துவிட்டு வந்தார். மதியத் தண்ணீரை மறுநாள் விடியும்வரை ஆறாமல் காப்பது தொட்டியின் வேலை. அந்த வேலையைக் குடமும் கம்பளியும் செய்தன. மூன்றரை மணிக்குப் பிரித்தால் கை வைக்கிற மாதிரி ஒரு சூடு இருக்கும், சில நாள் அதுவும் இருக்காது. அது போகட்டும். கம்பளி இரண்டும் குடத்துக்குப் போய்விட்டதே, படுத்திருக்கிறவர் எதைப் போர்த்திக்கொள்வார்? அக்காவின் சேலைகளைத்தான். குளிரில் நடுங்கி நடுங்கி அந்த மனிதர் விரிப்பில் உராய்ந்த உராய்ப்பில் புண் வாய் திறந்தது.

அலுவலகத்தில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டு வெந்நீர்க் குழாயிலும் ஒரு மீட்டர் பொருத்தியிருந்தார்கள், அது டிப்போ அக்காவின் வீட்டில் காலைக் கட்டம் வெறுமையானதையும் மதியக் கட்டம் உயர்ந்ததையும் சொல்லிவிட்டது. வல்லுநர் பூரித்துப்போனார். சிவப்பு பச்சையானதைப் பெரிய திரையில் போட்டு ஒரு கூட்டம் நடத்தினார். சாதனைக் குடும்பம் என்று அக்காவை மேடைக்கு அழைத்தார்கள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போனாள், நானும் கூடப் போனேன். நேரில் பெரியவர்களிடம் சொன்னால் பொத்தான் திரும்பி வரும் என்று நம்பிக்கொண்டு போனாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மேடையில் அவள் பேசியது நான்கே வரி. "எங்க வீட்டுக்காரருக்குப் புண்ணு இருக்கு. மூணரை மணிக்கு ஒரு வாளி சுடுதண்ணி வேணும். மதியத் தண்ணி அதுக்குள்ள ஆறிப்போயிடுது. அந்தப் பொத்தானை மட்டும் திருப்பிப் போட்டுக் குடுங்க."

கைதட்டல் எழுந்தது. எதற்குத் தட்டினார்கள் என்று கேட்காதீர்கள். மேடையில் ஏழை ஒருத்தி பேசி முடித்தால் தட்டுவார்கள். வல்லுநர் ஒலிவாங்கியை வாங்கி, "பாருங்கள், மதிய நீர், காலை நீர் என்று நேரத்தைப் பிரித்துப் பேசும் அளவுக்கு விழிப்புணர்வு வளர்ந்திருக்கிறது" என்று சொன்னார். மறுபடி கைதட்டல். அக்கா என்னைப் பார்த்தாள். நான் பார்வையை எங்கே வைத்துக்கொள்வது?

அடுத்த வாரம் பெயிண்டருக்குக் காய்ச்சல் கண்டது. நர்ஸம்மா புண்ணைப் பார்த்துவிட்டு உடனே ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். எலும்பைத் தொட்டுவிட்டது. ஐந்து வாரமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், இரண்டு தடவை அறுத்துச் சுத்தம் செய்துவிட்டார்கள், மூன்றாவது தடவைக்கு உடம்பு தாங்குமா என்று டாக்டர் சொல்ல மறுக்கிறார். அக்கா டிப்போவிலிருந்து நேரே அங்கே போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்கிறாள். வீடு பூட்டிக்கிடக்கிறது.

பூட்டிய வீட்டில் குழாயை யார் திறப்பார்கள்? காலை, மதியம், மாலை மூன்று கட்டமும் சுத்தமாகப் பச்சை. போன வெள்ளிக்கிழமை வல்லுநரே நேரில் வந்து, பூட்டிய கதவைப் பார்த்து ஏமாந்து, கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மிகக் குறைந்த மின்நுகர்வுக்கான முதற்பரிசு. வீட்டில் ஆள் இல்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் முகம் உண்மையாகவே வாடியது. "அடடா" என்றார். கொஞ்சம் யோசித்தார். அப்புறம் கேட்டார்: "முன்னாடியே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கலாமே?"

இந்த மனிதரைப் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்ளுங்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். கண்டுகொண்டிருப்பீர்கள், உங்களுக்கு நல்ல மனசு, டிப்போ அக்காவுக்காக மனம் பதறியும் இருக்கும். அந்தப் பதற்றத்திலேயே நடுவில் எங்கோ ஓரிடத்தில் உங்களுக்கு ஒரு யோசனை உதித்திருக்குமே? ஒற்றை அடுப்பானால் என்ன, அந்த அம்மாள் இன்னும் ஒரு மணி நேரம் முன்னால், இரண்டு மணிக்கே எழுந்து, முதலில் தண்ணீரையும் அப்புறம் சாப்பாட்டையும் வைத்திருக்கலாமே என்று?

உதித்ததா? வெட்கப்படாதீர்கள், நல்லவர்களுக்குத்தான் உதிக்கும். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டு மணிக்கு எழுப்பினீர்களே, அவள் எத்தனை மணிக்குப் படுத்தாள் என்று கேட்டீர்களா?